குடையை நம்பினவன்

சைக்கிளைத் தலைகீழாய்த் திருப்பி வையுங்கோ பிள்ளை. பொறுங்கோ, பொறுங்கோ. கைபிடியில் போன் மாட்டியிருக்கு, கல்லில் அடிபடும். இந்தத் துவாய்த் துண்டை மடித்துப் போடுகிறேன், இதுக்கு மேலே வையுங்கோ. ம். இனி அந்த ஒட்டுப் பெட்டியை இங்கே தாருங்கோ. உங்களுக்கும் ஒட்டத் தெரியும், எனக்கு விளங்குது. ஆனாலும் தாருங்கோ. காரைநகரில் எனக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. ஒரு நாளைக்கு நானூறு டியூப் ஒட்டினவன் நான்.

நீங்கள் தமிழ் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்றா? காற்றுப் போன சத்தத்தோடு "அடக் கெரகமே" என்றீர்களே, அதைவிட வேறு அடையாள அட்டை வேணுமா? கோயம்புத்தூரா? நல்லது. இந்த மலையில் தமிழ்ப் பிள்ளை ஒன்று சைக்கிளில் ஏறி வருவதை இன்றைக்குத்தான் முதன்முதலாய்ப் பார்க்கிறேன். இங்கே சைக்கிளில் ஏறுகிறவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர். நடந்து ஏறுகிறவர்கள் எல்லாம் நாங்கள்.

ஐயோ, அந்தப் பலகையைப் பார்க்காதையுங்கோ. அதில் என் சட்டை தொங்குது, காயப் போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கோ. விலக்கிப் பார்த்தாயிற்றா? சரி, பாருங்கோ. இத்தாலியன் தெரியாதுதானே? என்ன, போனைக் காட்டினால் அது வாசித்துச் சொல்லுமா? நாசமாய்ப் போக அந்தப் போன். என்னவாம்?

"பொய்யன் வளைவு."

ஓம். பொய்யன் வளைவு. அந்தப் பொய்யன் நான்தானாம். என் பேர் தில்லையம்பலம், வயது எழுபத்தாறு, பலெர்மோவில் ஒரு வக்கீல் வீட்டில் முப்பது வருஷம் நிலம் துடைத்தவன், ஒரு கரண்டி காணாமல் போனதில்லை. என்னைப் பொய்யன் என்று அரசாங்கக் கம்பியில் நீலப் பலகை அடித்து நட்டிருக்கிறார்கள்.

டியூபை இப்படி உதட்டுக்குக் கிட்டப் பிடிக்க வேணும். தண்ணீர் வேண்டாம். எங்கே ஓட்டையோ அங்கே உதட்டில் காற்றுப் படும். இந்தா, இங்கே. டயருக்குள் என்ன குத்தியிருக்கு என்று பார்ப்போம். ம். கறுப்பாய் ஒரு சில்லு. கண்ணாடி. போத்தல் கண்ணாடி. இந்தப் பலெர்மோப் பொடியன்கள் குடித்துவிட்டு உடைக்கிறது. தாருங்கோ, நான் எறிந்துவிடுகிறேன்.

எல்லாத்துக்கும் அந்த நுன்சியோதான் காரணம். உங்களிடமும் அவன் புத்தகம் இருக்குமே? "சிசிலி மலைகளில் நாற்பது சைக்கிள் வழிகள்". போனில் இருக்கா? எதில் இருந்தால் என்ன, அவன் விஷம் அவன் விஷம்தான். நுன்சியோ மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன். ஒல்லி. முழங்காலுக்குக் கீழே சவரம் செய்கிறவன். சைக்கிள்காரர் எல்லாரும் அப்படித்தான் என்கிறார்கள். எனக்கு அப்பவே தெரிந்திருக்க வேணும், காலைச் சிரைக்கிற மனிதனிடம் குடும்பக் கதை சொல்லக் கூடாது என்று.

பத்து வருஷத்துக்கு முன்னே ஒரு நாள் இந்த வளைவில் மூச்சு வாங்கி நின்றான். நான் அந்த மதில் கட்டில் இருந்தேன். அவன் கையில் ஒரு கொப்பி, எழுதுகிற நோட்டு. "சிஞ்ஞோர், இந்த வளைவுக்கு ஏதும் பேர் உண்டா?" என்று கேட்டான். கேட்கிறவனுக்கு இல்லையென்று சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் கணக்கில் அடிவாரத்திலிருந்து மேலே மாதாவின் குகைக் கோயில் வரைக்கும் பதினேழு வளைவு. பதினேழுக்கும் பேர் சொன்னேன். அதில் பாதிப் பெயர்கள் அவன் கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தான். "சிஞ்ஞோர் தில்லோ, இன்றைக்கு என்ன?" என்பான். கொப்பியைத் திறப்பான்.

புக்கைக் கதை சொன்னேன், நீங்கள் பொங்கல் என்பீர்களே, அதுதான் புக்கை. ஒரு தைப்பொங்கலுக்கு நான் சைக்கிளில் மேலே இருந்து இறங்கினேன், பின் கரியரில் என் மனுசி, மனுசியின் மடியில் பானை நிறையப் புக்கை. மூன்றாம் வளைவில் பிரேக் அறுந்துவிட்டது. மிச்சப் பதினாலு வளைவையும் நாலு நிமிஷத்தில் எடுத்தேன். ஒரு பருக்கை சிந்தவில்லை. மோட்டார் சைக்கிளில் துரத்திவந்த பொலிஸ்காரன் கீழே வந்து சேர்ந்தபோது நாங்கள் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவனும் இருந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

சிரிக்காதையுங்கோ. நுன்சியோ சிரிக்கவில்லை, எழுதினான்.

பிறகு குடைக் கதை. அதுதான் வினை. தெற்கே ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சூட்டுக் காற்று வரும் இங்கே, சிரொக்கோ என்பார்கள். அது அடிக்கிற நாளில் சைக்கிளில் இருந்துகொண்டு பெரிய குடை ஒன்றை விரித்துப் பின்பக்கமாய்ப் பிடித்தால் பெடல் போடாமலே மேலே போகலாம் என்று சொன்னேன். நான் அப்படித்தான் ஒருநாள் போனேன், குகையில் நிறுத்த முடியவில்லை, மலையைத் தாண்டிக் கடலுக்கு மேலே கொஞ்சத் தூரம் போய்க் குடையை மடக்கித்தான் திரும்பினேன் என்றும் சொன்னேன். கடலுக்கு மேலே போனதை மட்டும் அவன் எழுதவில்லை. அது நம்பக் கஷ்டமாம். பாருங்கோ, அவனுக்கும் ஒரு அளவு இருந்திருக்கு.

அந்தப் பசையைத் திறவுங்கோ. இரண்டு துளி போதும். காயட்டும். அவசரப்பட்டால் ஒட்டாது.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டு இல்லாத ஒன்றையும் அவனுக்குச் சொன்னேன். என் மனுசி இராசமலரைச் சொன்னேன்.

நாங்கள் சைவம். ஆனால் பலெர்மோவுக்கு வந்த எங்கள் சனத்துக்கு மேலே குகையில் இருக்கிற ரொசாலியா மாதாவைப் பிடித்துப்போயிற்று. அந்த மாதாவும் ஊரை விட்டு வந்து மலையில் தனியே கிடந்த பிள்ளை, வேறு ஆரிடம் போய் முறையிடுகிறது? ஞாயிற்றுக்கிழமை பாருங்கோ, சேலையும் பூவுமாய் வரிசை வரிசையாய் ஏறுவார்கள். இராசமலர் பதினெட்டு வருஷம் ஏறினாள். வெறுங்காலோடு. வெயிலென்றும் பார்க்கவில்லை, மழையென்றும் பார்க்கவில்லை. நான் பஸ்ஸில் வந்து இந்த மதிலில் இருப்பேன், அவள் வந்து சேர இரண்டு மணித்தியாலம் ஆகும். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? எனக்கு முழங்கால் அப்பவே பழுது. சைக்கிளோ? அது திருத்தக் கொடுத்திருக்கு.

இந்த வளைவுக்கு வந்தால் அவள் நிற்பாள். அந்தா, மூலையில் அந்தக் கூம்பு மாதிரிக் கல் தெரியுதா? சந்தனம் பூசியிருக்கே, அதுதான். பிள்ளையாரைக் கேட்காமல் மாதாவிடம் போகக் கூடாது என்பது அவள் கட்சி. மாதாவின் மலையில் பிள்ளையாருக்கு எங்கே போகிறது? அந்தக் கல்லைப் பிள்ளையாராக்கிவிட்டாள். பையிலிருந்து தேங்காயை எடுத்து ரோட்டில் ஓங்கி ஒரு போடு. பிறகு கையைத் தூக்குவாள்.

இப்படி. உள்ளங்கை முன்னே தெரிய. "அஸ்பெத்தா!" என்பாள். பொறு என்று அர்த்தம். அவளுக்குத் தெரிந்த இத்தாலியனில் அது ஒன்றுதான் சத்தமாய் வரும். நாலடி பத்தங்குல மனுசி. ஒரு பக்கம் முப்பது சைக்கிள்காரர் ஒற்றைக் காலை ஊன்றி வரிசையாய் நிற்பார்கள், மற்றப் பக்கம் பஸ் நிற்கும். அவள் குனிந்து சிரட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் போடுவாள். கடைசித் துண்டு எடுக்கும் வரைக்கும் ஒரு சக்கரம் உருளக் கூடாது. அந்தச் சைக்கிள் டயர் அப்பளம் மாதிரி, சின்னத் துண்டும் ஏறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். முடிந்ததும் எல்லாருக்கும் ஒரு தேங்காய்ச் சொட்டுக் கொடுத்து அனுப்புவாள். நுன்சியோவும் வாங்கித் தின்றவன்தான்!

நேர்த்திக்கடன் எதுக்கு என்றா? தம்பிக்கு. அவளுக்கு ஒரே ஒரு தம்பி, கெங்காதரன். தொண்ணூறாம் ஆண்டு ஊரிலிருந்து படகில் ஏறினவன். அவ்வளவுதான் தெரியும்.

அவள் செத்த பிறகு, ஆறு வருஷமாகுது, நான் நுன்சியோவைப் பிடித்துச் சொன்னேன்: "புத்தகம் போடுகிறாய்தானே, இந்த வளைவுக்கு இராசமலர் வளைவு என்று போடு." அவன் கொப்பியைத் திறந்தான். "ஏன் ஏறினாள்?" என்று கேட்டான். தம்பியைச் சொன்னேன். பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் பளபளக்க, "வந்தானா?" என்றான்.

நான் என்ன சொல்கிறது? நீங்களே சொல்லுங்கோ. ஒரு மனுசி இருபத்திரண்டு வருஷம் வெறுங்காலோடு ஏறினாள், ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒரு புத்தகத்தில் போடுவானா? ஆர் வாசிப்பான்? "வந்தான்" என்று சொன்னேன். சும்மா வந்தான் என்று சொல்ல எனக்கு வாயில் வராது. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கடலில் மிதந்து வந்து, அந்தா கீழே தெரியுதே, அந்தக் கடற்கரையில் ஏறினான், ஏறின அன்று ஞாயிற்றுக்கிழமை, இவள் இந்த வளைவில் தேங்காயோடு நின்று கண்டாள் என்றேன். நுன்சியோ அழுதான். மருந்துக்கடைக்காரன், மூக்கைச் சிந்தி அழுதான்.

போட்டான். முதல் பதிப்பில் போட்டான். இராசமலர் வளைவு, எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாமல். ஒரு பிரதி வாங்கி அவள் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

அடுத்த பக்கத்திலேயே குடையையும் போட்டிருந்தான். "சிரொக்கோ நாட்களில் உள்ளூர் மக்கள் குடை விரித்து ஏறுவது வழக்கம்." வழக்கமாம்! நான் என்ன கண்டேன், ஜெர்மனியிலிருந்து ஒரு பல் டாக்டர் அதை வாசித்துவிட்டுப் பச்சைக் குடையோடு வந்து நிற்பான் என்று? காற்று அவனை மேலே தூக்கவில்லை, மதிலில் அடித்தது. தோள் எலும்பு இரண்டாய்ப் போயிற்று. பேப்பரில் வந்தது. சைக்கிள் கழகத்தில் எல்லாரும் நுன்சியோவைக் கண்டால் கையைத் தூக்கிக் குடை பிடிக்கிற மாதிரிச் செய்து காட்டினார்களாம்.

அதுக்குப் பிறகுதான் மனிதனுக்குப் புத்தி வந்தது. நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாய் விசாரிக்கக் கிளம்பினான். சந்தையில் எங்கள் ஆட்களின் கடைக்கே போயிருக்கிறான். அங்கே அருமைநாயகம் என்று ஒருவன், மரக்கறி விற்கிறவன், உண்மை பேசுகிறதை ஒரு தொழிலாய் வைத்திருக்கிறவன். "இராசமலரின்ரை தம்பியோ? அவன் எங்கை வந்தவன்?" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அந்த ஞாயிறு நுன்சியோ வந்தான். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"சிஞ்ஞோர் தில்லோ, தம்பி வரவில்லையாமே?"

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்."

"குடையை நம்பினாய்தானே?" என்று கத்தினேன். "கழுதை, குடையை நம்பினாய்! ஒரு தோள் உடையும் வரைக்கும் நம்பினாய்! என் பெண்சாதியை நம்பமாட்டாயா? அவளை நீயே கண்டாய்தானே? அவள் கையால் தேங்காய் தின்றாய்தானே?"

"கண்டேன்" என்றான். மெதுவாய்த்தான் சொன்னான், அதுதான் எனக்குக் கூடுதல் ஆத்திரம். "ஆனால் உன் வாயிலிருந்து வந்ததில் எது அவள், எது நீ என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அதனால் இந்த வளைவின் கதை முழுவதையும் எடுத்துவிட்டேன்."

போய்விட்டான். நான் ஒரு தேங்காயை எடுத்து எறிந்தேன். படவில்லை. அது உருண்டு உருண்டு, பதினேழு வளைவும் எடுத்து, துறைமுகம் வரைக்கும் போய்... சரி, அதை விடுங்கோ.

இரண்டாம் பதிப்பு வந்தது. இராசமலர் இல்லை. "பொய்யன் வளைவு. இங்கே ஒரு முதியவர் இருப்பார், ரசிக்கத்தக்கவர், நம்பத்தக்கவர் அல்லர். ரோட்டில் கறுப்பாய் ஏதோ கிடக்கும், டயர் கவனம்." ரசிக்கத்தக்கவராம். நான் என்ன குரங்கா? அடுத்த மாதம் பெரிய சைக்கிள் போட்டி இந்த வழியால் போகிறதாம், அதுக்காகக் கழகம் புத்தகத்தைப் பார்த்து வளைவுக்கு வளைவு பலகை நட்டது. மற்ற வளைவுகளுக்கு நான் வைத்த பேரையெல்லாம் அப்படியே எழுதியிருக்கிறார்கள். அதெல்லாம் வெறும் புளுகு, பிள்ளை! பொலிஸ்காரன் வளைவு என்று இருக்கா இல்லையா? புக்கை வளைவு என்று கீழே கண்டிருப்பீர்கள். அதையெல்லாம் பலகையில் போட்டுவிட்டு, ஒரே ஒரு உண்மையை மட்டும் புடுங்கி எறிந்தால் மனிதனுக்குப் பொறுக்குமா?

சட்டையைப் போட்டு மூடுகிறேன், ஒவ்வொரு நாளும். கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கு, போட்டி அன்று சட்டை தொங்கினால் பொலிஸுக்குச் சொல்வார்களாம். சொல்லட்டும். அன்றைக்கு நான் உடுத்தியிருக்கிற சாரத்தையும் அவிழ்த்துப் போடுவேன். எல்லா நாட்டு டி.வி.யும் பார்க்கட்டும்.

ஒட்டுப் பிடித்துவிட்டது. பெருவிரலால் அழுத்திக்கொண்டே இருங்கோ. நான் டயரை ஏற்றுகிறேன். பம்பு எங்கே? இவ்வளவு சின்னனா? இது பம்பா, பேனையா?

என்ன கேட்கிறீர்கள்? பேர் போடலாமா? அந்தப் போனிலா? விளங்கவில்லை, மெதுவாய்ச் சொல்லுங்கோ. இந்தப் படத்தில், இந்த ரோட்டில், இந்த இடத்தைத் தொட்டு, நீங்களே ஒரு பேர் எழுதினால், இந்த வழியில் வருகிற சைக்கிள்காரர் எல்லாருக்கும் அது தெரியுமா? கழகத்தைக் கேட்கத் தேவையில்லையா? நுன்சியோவுக்கும் தெரியுமா? அவன் வீட்டில் இருந்து பார்த்தாலும்?

போடுங்கோ. போடுங்கோ பிள்ளை. இராசமலர் வளைவு. இத்தாலியன் எழுத்தில் நான் சொல்கிறேன், ஒவ்வொன்றாய்க் குத்துங்கோ.

கீழே ஒரு வரி எழுதலாமா? எழுதுங்கோ. "இருபத்தைந்து வருஷம் வெறுங்காலோடு..." ஏன் நிறுத்தினீர்கள்? முன்னே பதினெட்டு என்றேனா? பிறகு இருபத்திரண்டு என்றும் சொன்னேனா? நீங்கள் என்ன, சந்தைக்காரன் அருமைநாயகத்தின் சொந்தமா?

பொறுங்கோ.

ஒன்பது.

ஒன்பது வருஷம் என்று போடுங்கோ. நாங்கள் பலெர்மோவுக்கு வந்த மூன்றாம் வருஷம் தொடங்கினவள். ஒன்பதாம் வருஷம் பாதம் வெடித்து, டாக்டர் ஏறக் கூடாது என்றுவிட்டார். பிறகு என்னோடு பஸ்ஸில் வருவாள். இந்த வளைவில் இறங்கித் தேங்காயை உடைத்து, பொறுக்கிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். ஒன்பது வருஷமும் தனியத்தான் நடந்தாள். "நீங்களும் ஒருக்கால் நடந்து வாங்கோவன்" என்று கேட்டவள். முழங்கால் என்று சொன்னேன். அப்ப எனக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை.

இதை எழுதத் தேவையில்லை.

தம்பியா? எழுதுங்கோ. தம்பிக்காக ஏறினாள் என்று எழுதுங்கோ. வந்தான் என்று எழுதாதையுங்கோ. வரவில்லை. வரவில்லை என்றே எழுதுங்கோ. அதுக்குப் பிறகும் தேங்காய் உடைத்தாள் என்று எழுதுங்கோ. முடிந்ததா? அவ்வளவுதானா? எனக்குக் காட்டுங்கோ. என்ன சின்ன எழுத்து. இதை நுன்சியோ கண்ணாடி போட்டு வாசிக்கட்டும், குடையை நம்பின மூதேவி.

போகாதையுங்கோ, இன்னும் ஒன்று. உங்கள் டயரிலிருந்து எடுத்தது கண்ணாடி என்றேன்தானே? பொடியன்கள் மேலே பழியைப் போட்டேன். அது சிரட்டை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, காலையில் நான் உடைத்தது. பொறுக்கவில்லை. பொறுக்கிவிட்டால் இந்த வளைவில் ஆர் நிற்கப் போகிறான்?

கேட்குதா, கீழே சங்கிலிச் சத்தம்? ஏழெட்டுப் பேர் ஏறி வருகிறார்கள். நீங்கள் இப்படி நடு ரோட்டில் நில்லுங்கோ. கையைத் தூக்குங்கோ. இன்னும் மேலே, உள்ளங்கை முன்னே தெரிய. அஸ்பெத்தா என்று கத்துங்கோ, வயிற்றிலிருந்து கத்துங்கோ. நான் குனிகிறேன். இந்தா ஒன்று, அந்தா இரண்டு, கல்லுக்குப் பின்னால் இன்னும் இருக்கு. கடைசித் துண்டு எடுக்கும் வரைக்கும் ஒருத்தனையும் விடாதையுங்கோ.

முன்னால் வருகிறவனுக்குச் சிரைத்த ஒல்லிக் கால் என்றால், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருங்கோ.